இரண்டு பியூஸ் கார்கள்

1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட மொறிஸ் மைனர் காரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் நினைவேக்கக் கட்டுரைகளே. அப்பாவின் கார், கல்யாண ஊர்வலக் கார், டாக்குத்தர் வந்திறங்கிய கார் என்று அவை தொடங்கும். அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் காரின் எஞ்சின் அறையில், தீச்சுவரில் திருகப்பட்டிருக்கும் ஒரு சிறு கறுப்புப் பெட்டியைப் பற்றி எவரும் எழுதியதாக நான் காணவில்லை. இலங்கையின் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகாலப் பொருளாதார வரலாற்றில் ஒரு பங்கை அந்தப் பெட்டியைத் திறந்தே படித்துவிடலாம் என்பது எனது எண்ணம்.

அது பியூஸ் பெட்டி. பர்மிங்காம் நகரின் லூக்காஸ் கம்பனி தயாரித்தது. இன்றைய ஜப்பானியக் கார் ஒன்றில் பியூஸ்களை எண்ணத் தொடங்கினால் ஐம்பதைத் தாண்டும். மொறிஸ் மைனரில் இரண்டே இரண்டு. பெட்டியின் நான்கு முனைகளுக்கும் ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என்று பெயர். ஏ1, ஏ2 இடையே உள்ள பியூஸ் பற்றரியோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். ஹோர்ணுக்கும் உள்விளக்குக்கும் உரியது. ஏ3, ஏ4 இடையே உள்ளது சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும். வைப்பர், பிறேக் விளக்கு, திசைகாட்டி, எரிபொருள் மானி ஆகியவை அதன் பொறுப்பு. கூடவே மாற்றுப் பியூஸ்கள் இரண்டைச் செருகி வைக்க இடமும் உண்டு. தலை விளக்குகளுக்கு பியூஸ் கிடையாது. இது கஞ்சத்தனம் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. இரவில், ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பியூஸ் எரிந்து இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தால் சாரதியின் கதி என்ன என்று அக்காலப் பொறியியலாளர் யோசித்திருக்கின்றனர். வயர் கருகினாலும் பரவாயில்லை, வெளிச்சம் போகக் கூடாது என்பது அவர்களது முடிவு.

ஜோசப் லூக்காஸ் தள்ளுவண்டியில் விளக்கெண்ணெய் விற்றுத் தொழில் தொடங்கியவர். கப்பல் விளக்கு, சைக்கிள் விளக்கு என்று வளர்ந்து, பிரித்தானிய மோட்டார் உலகின் மின்சாதனங்கள் அனைத்துக்கும் ஏறக்குறைய ஏகபோக உரிமையாளராக அவரது கம்பனி மாறிற்று. ஆங்கிலேயர்களே அந்தக் கம்பனிக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் சூட்டிப் பரிகசித்தனர். வெளிச்சம் விற்றவருக்கு இருளின் பட்டம். பரிகாசத்தில் பாதிதான் நியாயம் என்பேன். பியூஸ் பெட்டி ஐம்பது ஆண்டுகள் உவர்க்காற்றில் கிடக்கும் என்று லூக்காஸ் ஒருபோதும் கணக்கிட்டிருக்க மாட்டார்.

இலங்கையில் அது அவ்வாறே கிடந்தது. காரணம், நாம் பழமையை நேசிக்கும் இனம் என்பதல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய போது தனியார் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தனாவின் அரசு பொருளாதாரக் கதவைத் திறக்கும் வரை, நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களையே மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பீஜோ 203. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் போடிமாரின் வளவுகளிலும், ஹயர் கார் தரிப்பிடங்களிலும் நின்றவை இவையே. இங்கிலாந்தில் 1971இல் மைனரின் உற்பத்தி முற்றாக நின்றது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. அங்கு அது பழைய இரும்பாகிக்கொண்டிருந்த காலத்தில் இங்கு அதற்கு மறுபிறவிகள் நடந்தன.

பின்னாளில் இதற்கு ஒரு வேடிக்கையான தொடர்ச்சி ஏற்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் இலங்கையரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து 'டியூரபிள் கார் கம்பனி' என்ற பெயரில் மைனருக்கான உதிரிப் பாகங்களை இங்கேயே செய்விக்கத் தொடங்கினார். காரைக் கொண்டுவந்து விற்ற நாட்டுக்கே அதன் பாகங்களைச் செய்து அனுப்பும் நிலைக்கு நம் தகரத் தொழிலாளர்கள் வந்துசேர்ந்தனர். இறக்குமதித் தடை கற்பித்த கைவேலை அது.

மின்சாரப் பக்கத்தில் அத்தகைய பெருமை எதுவும் இல்லை. தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம்; கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி வைத்து அடைத்த பியூஸை ஊர்க் கராஜில் செய்ய இயலாது. பியூஸ் கிடைக்காத காலத்தில் சிகரட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் பழக்கம் வந்தது. அல்லது வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டுவது. பியூஸ் என்பதன் முழுத் தத்துவமும், ஒரு சுற்றில் மிக மெலிந்த இடத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, ஆபத்து வருகையில் அதை முதலில் சாகவிடுவதுதான். எடிசன் தமது விளக்குத் திட்டத்துக்காக இத்தகைய காப்புக் கம்பிக்கு 1880இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். வெள்ளித்தாளைச் சுற்றியவுடன் மெலிந்த இடம் தடித்த இடமாகிவிடுகிறது. அப்போது சாகவேண்டியது வயர், அதன்பின் கார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தத் தட்டுப்பாடு சற்று அந்நியமாகத் தோன்றலாம். அங்கும் கார்ப் பஞ்சம் இருந்தது. ஆனால் அதன் இயல்பு வேறு. இந்தியா இறக்குமதியைத் தடுத்து உள்ளூரில் செய்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் அங்கு அம்பாசிடராகி 2014 வரை பிறந்துகொண்டிருந்தது. 1961இல் டி.வி.எஸ். குழுமம் லூக்காஸ் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கிற்று, சென்னை பாடியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. பர்மிங்காமில் தாய்க் கம்பனி கைமாறிக் கைமாறி அடையாளமிழந்த பின்னரும் பாடியில் அந்தப் பெயர் நிலைத்தது. நாமோ இறக்குமதியைத் தடுத்தோம். உள்ளூரில் ஒரு பியூஸ் கூடச் செய்யவில்லை. நமது சுயசார்பின் தரம் அதுவாக இருந்தது.

போர்க்காலம் இந்தக் கார்களுக்கு இரண்டாவது ஆயுளை அளித்தது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அடங்கின. அமுக்க விகிதம் குறைந்த பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடும் என்பதை அங்குள்ளோர் கண்டுகொண்டனர். கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய கார்கள் முடங்கிக் கிடக்க, ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் புகை கக்கியபடி நோயாளிகளை ஏற்றிச் சென்றன. கிழக்கில் அத்தகைய முழுத் தடை இருக்கவில்லை. இங்கு நேர்ந்தது வேறு.

அதற்கு முன் இலக்கத் தகடு பற்றி ஒரு சொல். 1957 ஜனவரியிலிருந்து இலங்கையில் புதிதாகப் பதிவான வாகனங்களின் இலக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' இடம்பெற்றது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. தமிழ் ஸ்ரீ பொறித்த தகடுகளோடு தொண்டர்கள் வாகனம் ஓட்டினர். 1958இல் அரசு பஸ்கள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்குக்கு அனுப்பப்பட, அங்கு அந்த எழுத்தின் மேல் தார் பூசப்பட்டது. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளின் மேல் தார் ஏறியது. அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்க, செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார்; மே மாதத்தில் கலவரம். இன்று பழைய கார் விற்பனை விளம்பரங்களில் '1 ஸ்ரீ' என்பது விலையை உயர்த்தும் ஒரு பெருமைக் குறி. ஓர் எழுத்துக்காக மனிதர் தாக்கப்பட்டது, அந்த எழுத்து அருஞ்சொத்தானது, இரண்டும் ஒரே தகட்டில் இருக்கின்றன. விளம்பரம் எழுதுவோருக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்படியொரு 1 ஸ்ரீ மைனர் 1000 வீரமுனையில் இருக்கிறது. சம்மாந்துறையை ஒட்டிய இந்தத் தமிழ்க் கிராமத்தை அதன் பிள்ளையார் கோயிலைக் கொண்டு வெளியுலகம் அறியும். 1990ஐக் கொண்டும் அறியும். கார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. 948 சீசீ எஞ்சின், ஒற்றைத் துண்டு முன் கண்ணாடி, கதவுத் தூணிலிருந்து கை போல நீட்டும் பழைய திசைகாட்டிகள். இந்த ஆசிரியருக்கு அது அருஞ்சொத்து அல்ல, வாகனம். 2020 மார்ச்சில் அரசு மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்திற்று; தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. இடையில் பத்து வயது ஜப்பானியக் கார்களின் விலை மத்தியதர வர்க்கத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. கொழும்பில் பழைய கார் வைத்திருப்பது பொழுதுபோக்கு. இங்கு அது வேறு வழியின்மை. 1960களின் கதை அப்படியே திரும்பி வந்தது. வெள்ளித்தாளும் கூடவே வந்தது.

நடந்தது இதுதான். பிறேக்கை மிதிக்கும் சில வேளைகளில் பியூஸ் எரிந்துகொண்டிருந்தது. அவசரத்துக்கு எங்கோ ஒருவர் எரிந்த பியூஸின் மேல் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்து, இனிப் பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிட்டார். சில நாட்களின் பின் மாவடிப்பள்ளிப் பாலத்தருகே, மாலை நேரத்தில், ஆசிரியர் பிறேக்கை மிதித்தபோது பலகையின் கீழிருந்து புகை வந்தது. பின் ஆசனத்தில் பேரப்பிள்ளைகள் இருவர் இருந்தனர். அவர் சாவியை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கினார். சாவியை நிறுத்தியதே காரைக் காப்பாற்றியது. எரிந்த சுற்று சாவிக்குப் பின்னால் இருந்த பச்சைச் சுற்று. ஏ1 பக்கமாக இருந்திருந்தால் பற்றரிக் கம்பியைக் கழற்றும் வரை தீ நின்றிருக்காது.

பழுதுபார்க்க வந்தவர் சம்மாந்துறையில் வசிக்கும் முதிய மோட்டார் மின்தொழிலாளி. எழுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் காக்கா; எனக்கும் அப்படியே. வேறொரு விடயமாக ஆசிரியரைக் காணச் சென்ற நான் அன்று பிற்பகல் முழுவதும் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். இந்தக் கார்களில் நேர் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். இதை அறியாமல் புதிய ரேடியோவையோ போன் சார்ஜரையோ பொருத்திப் பொசுக்கியோர் பலர். பின்னர் வயர்களை இனங்காணத் தொடங்கினார். லூக்காஸ் வயர்களுக்கு ஒரு நிற இலக்கணம் உண்டு. கபில நிறம் பற்றரியிலிருந்து நேராக வருவது, ஊதா அதே மின்சாரம் பியூஸைக் கடந்தபின், வெள்ளை சாவியைக் கடந்தது, பச்சை சாவியையும் பியூஸையும் கடந்தது, நீலம் தலை விளக்கு, சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு நிலத்தொடுப்பு. அக்காலத்து வயர்களுக்குப் பருத்தி நூலால் பின்னிய உறை. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் எல்லா நிறமும் ஒரே சாக்கு நிறமாகிவிடும். கபிலத்தையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. காக்கா வயரைப் பிடித்திருந்த தகரக் கொக்கிகளைத் தளர்த்தி, அதன் கீழே வெயிலும் எண்ணெயும் படாமல் மறைந்திருந்த அங்குலத்தைப் பார்த்தார். அங்கு நிறம் அப்படியே இருந்தது.

கசிவைக் கண்டுபிடித்த முறை இன்னும் எளியது. கரிய வயரின் இடத்தில் தற்காலிகமாக வேறொன்றைத் தொடுத்தார். எஞ்சின் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி ஒதுக்கினார்; சாவியை நெடுநேரம் திறந்து வைத்தால் கொயில் சூடேறும். பின்னால் சென்று பிறேக் விளக்குகளின் பல்புகளைக் கழற்றி வந்து, அவற்றில் ஒன்றையே பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இணைத்தார். பற்றரியைத் தொடுத்து, சாவியைத் திருப்பி, என்னைப் பிறேக்கை மிதிக்கச் சொன்னார். பின் பல்புகள்தான் கழற்றப்பட்டுவிட்டனவே, மின்சாரம் போக இடமில்லை. பல்பு எரியக் கூடாது. அது முழு வெளிச்சத்தோடு எரிந்தது. ஆகவே பிறேக் சுவிற்சுக்கு அப்பால் எங்கோ வயர் காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பின்பக்கமாக வயரை அசைத்து அசைத்துப் போனார். டிக்கியின் தரையில் தகர விளிம்பு ஒன்றை வயர் கடக்கும் இடத்தில் பல்பு அணைந்து எரிந்தது. அங்கிருந்த இறப்பர் வளையம் எப்போதோ பொடியாகிப் போயிருந்தது. கடைகளில் சல்லிக் காசுக்குக் கிடைக்கும் இறப்பர் வளையம்.

"மாஸ்டர், பியூஸ் எரிஞ்சது குத்தமில்ல. அது தன்ட வேலையத்தான் செஞ்சிரிக்கி" என்றார் காக்கா.

அவர் சொன்ன இன்னொரு விடயத்தைப் பழைய கார் வைத்திருக்கும் எவரும் குறித்துக்கொள்வது நல்லது. லூக்காஸ் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருக்கும். அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, பதினேழரை. இன்று கடையில் கிடைக்கும் பிற நாட்டுக் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருந்தால் அது தொடர்ந்து தாங்கும் அளவு. எழுத்து ஒன்றே, பொருள் இரட்டிப்பு. பழைய பெட்டிக்கு 35 வாங்கிப் போடுகிறவர், தாம் சரியானதைப் போட்டதாக நம்பிக்கொண்டே அரைவாசி வெள்ளித்தாள் சுற்றியவராகிறார். பதினைந்து முதல் இருபதுக்குள் உள்ளதைப் போடுவதே முறை.

ஆசிரியரின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வேறு யோசனை சொல்லியிருந்தார்: பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜப்பானியக் காரின் தட்டைப் பியூஸ் பெட்டி ஒன்றைப் பொருத்தலாம், ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பியூஸ் கிடைக்கும். 1976இல் லிற்றெல்பியூஸ் கம்பனி அறிமுகப்படுத்திய அந்தத் தட்டைப் பியூஸ், கண்ணாடிக் குழாயை விட எல்லா வகையிலும் மேலானது என்பதில் சந்தேகமில்லை. பிடி தளராது, களிம்பேறுவது குறைவு. மைனரின் பித்தளைப் பிடிகளில் கடற்காற்று பச்சைக் களிம்பை ஏற்றும். களிம்பு மின்தடையாகிச் சூடேற்றும். சூடு பிடியைத் தளர்த்தும். தளர்ந்த பிடி மேலும் சூடேறும். இருந்தும் காக்கா மறுத்தார். பெட்டியை மாற்றினால் உள்ளிருக்கும் வயரின் வயது குறையாது என்பது அவர் வாதம். அத்துடன், காரில் நடுவழியில் ஏதும் நேர்ந்தால் ஆசிரியர் தாமே பார்த்துச் சரிசெய்யக்கூடியது இந்த இரண்டு பியூஸ்தான், பன்னிரண்டு அல்ல. எனக்கு இதில் முதல் பாதி உடன்பாடு. இரண்டாவது பாதியில், தமக்குப் பழகியதை விட்டுக்கொடுக்க மனமில்லாத கிழவரின் பிடிவாதமும் கலந்திருந்ததாகவே பட்டது.

முடிவில் பெட்டி தங்கிற்று. பிடிகளை மணல்தாளால் பளிச்சிடும்வரை தேய்த்துச் சற்று நெருக்கினார். கருகிய பச்சை வயரையும், டிக்கிக்குப் போகும் வயரையும் முழுநீளத்துக்கும் மாற்றினார். இடையில் ஒட்டுப் போடவில்லை. புதிய இறப்பர் வளையங்கள். தலை விளக்குகளுக்கு மட்டும் லூக்காஸின் சொல்லை மீறி, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக வயரிலேயே தனித்தனி பியூஸ் வைத்தார். ஒன்று போனாலும் மற்றது எரியும். 1957இல் பொறியியலாளருக்கு இருந்த அச்சத்துக்கு இது போதிய விடை என்றே தோன்றுகிறது.

1990க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்த வாழ்வு முறிந்தது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12 அன்று வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்தோர் கொல்லப்பட்டனர். கிராமம் வெறிச்சோடிற்று, ஆசிரியர் குடும்பம் அகதி முகாமில் இருந்தது. அந்த மாதங்களில் கார் வீரமுனையில் இருக்கவில்லை. எஞ்சின் கழற்றப்பட்ட நிலையில் சாய்ந்தமருதில், காக்கா அப்போது வேலை செய்த கராஜின் பின்வளவில் ஓலை மூடிக் கிடந்தது. உரிமையாளர் அங்கு போக முடியாது. காக்கா இங்கு வர முடியாது. 1994இல்தான் எஞ்சினைப் பூட்டி ஓட்டிவந்து கொடுத்தார்.

இதை நல்லிணக்கக் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை; அப்படிக் கேட்டபோது காக்காவுக்கும் பிடிக்கவில்லை. "எஞ்சின் இல்லாத காரத் தம்பி எவன் எடுப்பான்? இருந்திச்சி, குடுத்தன்" என்றார். ஆசிரியரும் அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் கூலியைப் பற்றிச் சிறிது வாதாடினர். காக்கா கேட்டதை விட ஆசிரியர் கூடக் கொடுக்க முயன்றதுதான் வாதத்துக்குக் காரணம்.

காக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பள்ளிக்கூட ஒற்றை றூள் கொப்பி. தாம் திறந்து பார்த்த ஒவ்வொரு வகைக் காரின் வயர் படத்தையும் அதில் வரைந்திருக்கிறார். நிறங்களின் பெயர்கள் தமிழில், முனைகளின் பெயர்கள் லூக்காஸ் எழுதியபடியே. தமிழில் மோட்டார் மின்னியல் பாடநூல் தேடுவோர் இத்தகைய கொப்பிகளையும் தேட வேண்டும். அவருடைய பிள்ளைகள் கட்டாரில் வேறு தொழில் செய்கின்றனர். அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். மைனர், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாம் தெளிவாக இருந்தன. ஏ40 சமர்செற்றின் பக்கங்களில் மை கரைந்து நீலப் படலமாகியிருந்தது. 2004 டிசம்பர் 26 காலை சாய்ந்தமருதில் கடல் ஏறியபோது கொப்பி கராஜின் மேசை லாச்சிக்குள் இருந்தது என்றார். மூன்று நாட்களின் பின் லாச்சியைச் சேற்றுக்குள் கண்டெடுத்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் காயவைத்திருக்கிறார். சமர்செற் ஒன்று அதன்பின் அவரிடம் வரவில்லை.